கரண்ட் வந்த முதல் மூன்று நொடி

23.12.2024 அன்று நீதிமன்றத்தில் நேரில் ஆஜராகி, உண்மையைச் சொல்வதாகப் பிரமாணம் செய்துகொண்டு, சாட்சி கூறியதாவது:

என் பெயர் காளிராஜ். வயது 54. தகப்பனார் மாரிக்கண்ணன், காலமாகிவிட்டார். விருதுநகரில் சொந்த வீட்டில் குடியிருந்து வருகிறேன். திருத்தங்கல்லில் அச்சு இயந்திரங்களுக்கு உதிரி பாகங்களும் கன்ட்ரோல் கார்டுகளும் விற்கும் கடை நடத்தி வருகிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன்.

12.11.2024 செவ்வாய்க்கிழமை முற்பகல், திருத்தங்கல்லில் லட்சுமிகாந்தம் என்பவருக்குச் சொந்தமான அச்சகத்தில், போன கரண்ட் திரும்பி வந்த நேரத்தில், யாரும் பொத்தானை அழுத்தாமலே கட்டிங் மெஷினின் கத்தி இறங்கி, அந்த மெஷினை ஓட்டி வந்த எம். புதுப்பட்டியைச் சேர்ந்த பாண்டிச்செல்வம், வயது 38, என்பவரின் வலது கை மணிக்கட்டோடும் இடது கையில் ஐந்து விரல்களும் துண்டாகிவிட்டன. அந்த மெஷினில் இருந்த கன்ட்ரோல் கார்டு நான் விற்றது. பாண்டிச்செல்வம் தானே கத்தியை இறக்கிக்கொண்டார் என்று சமரசப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருப்பது உண்மை அல்ல.

என் தொழிலைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். நான் பழைய இரும்புக் கடையில் எடை போட்டுத் தொழிலுக்கு வந்தவன். வெளிநாட்டில் ஓடித் தேய்ந்த பேப்பர் கட்டிங் மெஷின்கள் கப்பலில் தூத்துக்குடிக்கு வரும். சிவகாசிப் பக்கத்து அச்சகங்கள் அவற்றைத்தான் வாங்கும். இரும்பு நம் காலத்துக்கும் நிற்கும், உள்ளே மூளையாக இருக்கிற எலக்ட்ரானிக் கார்டு நிற்காது. கம்பெனிக்காரனிடம் புதுக் கார்டு கேட்டால் மெஷின் விலையைச் சொல்லுவான். அந்தச் சந்தில்தான் நான் கடை போட்டேன். உள்ளூரிலேயே கார்டு தயார் செய்து, பொருத்தியும் கொடுத்து, கெட்டுப்போனால் அன்றைக்கே மாற்றிக் கொடுத்து வந்தேன். காலண்டர் சீசனில் ஒரு நாள் மெஷின் நின்றால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் என்னிடம்தான் வந்தார்கள்.

அந்தக் கார்டில் ஓடும் புரோகிராமை எழுதியவர் விருதுநகரைச் சேர்ந்த ஸ்ரீமதி, இன்ஜினியரிங் படித்தவர், என் கடையில் சம்பளத்துக்கு இருப்பவர். மெஷினின் முன்பலகையில் இரண்டு பொத்தான்கள் இடமும் வலமுமாகத் தள்ளித் தள்ளி இருக்கும். இரண்டு கையும் இரண்டு பொத்தானிலும் இருந்தால்தான் கத்தி இறங்க வேண்டும், ஒரு கை நகர்ந்தாலும் நின்றுவிட வேண்டும். அதை ஸ்ரீமதி சரியாகத்தான் எழுதியிருந்தார். ஒவ்வொரு கார்டையும் பொருத்தும்போது வெற்றுக் காகிதத்தை வைத்து வெட்டிப் பார்த்துத்தான் ஒப்படைத்தோம். அதில் இன்று வரை ஒரு புகாரும் இல்லை.

அதன் பிறகு, லட்சுமிகாந்தத்தின் மெஷினில் கார்டு பொருத்திய அன்று நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கார்டுக்குச் சுவிட்சைப் போட்டதும் மெஷினுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. சற்று நேரத்தில் மறுபடி ஒரு 'டக்'. அதற்குப் பிறகுதான் திரையில் எண் தெரிந்தது. அப்போது மோட்டார் ஓடவில்லை. கார்டுக்கு ஒரு சுவிட்சு, மோட்டாருக்குத் தனியாக ஸ்டார்ட்டர், முதலில் கார்டு பிறகு மோட்டார் என்பதுதான் முறை. பாண்டிச்செல்வம் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, பழைய கார்டு ஊமையால்ல கெடந்துச்சு, இது முழிச்ச உடனே சொல்லுதே" என்றார். நானும் சிரித்தேன். என் கார்டு போட்ட எல்லா அச்சகத்திலும் காலையில் அந்தச் சத்தம் கேட்டால் மெஷின் நல்ல நிலையில் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். அது என்ன சத்தம் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஸ்டார்ட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரண்ட் போனால் ஸ்டார்ட்டர் தானாக ஆஃப் ஆகிவிடும், திரும்பி வந்தால் யாராவது போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். பாதுகாப்புக்காக அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் கரண்ட் ஒரு நாளில் பல தடவை போய் வரும். ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய் அழுத்த முடியாது என்று, தீப்பெட்டி அட்டையை மடித்துப் பச்சைப் பொத்தானின் இடுக்கில் செருகி, அழுத்தியபடியே நிற்க வைத்துவிடுவார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடும். திருத்தங்கல்லில் நான் நுழைந்த அச்சகங்களில் அந்த அட்டை இல்லாத ஸ்டார்ட்டரை நான் பார்த்ததில்லை. அதேபோல், கத்தியில் ஒட்டும் பசையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பதும், கத்தியடியில் சேரும் காகிதத் துண்டுகளை அள்ளுவதும் கரண்ட் இல்லாத நேரத்தில்தான் நடக்கும். எண்ணிக்கைக் கூலிக்காரர்கள் ஓடும் நேரத்தைத் துடைப்பதற்குக் கொடுக்க மாட்டார்கள். தவிர, கரண்ட் இல்லாத மெஷின் செத்த மெஷின், அதில் கை வைப்பதுதான் பத்திரம் என்பது அங்கே வேலை செய்கிற ஒவ்வொருவரின் நினைப்பும்.

12.11.2024 அன்று கடையில் இருந்தபோது லட்சுமிகாந்தத்தின் அச்சகத்திலிருந்து போன் வந்தது. பைக்கில் உடனே போனேன். நான் போனபோது பாண்டிச்செல்வத்தை மதுரைக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். மெஷின் மேஜையில் தினசரி நாள்காட்டியின் தாள் கட்டு பாதி வெட்டியபடி இருந்தது. மண்ணெண்ணெய்த் துணி கத்திக்கு அடியில் இரண்டு துண்டாகக் கிடந்தது. ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானில் தீப்பெட்டி அட்டை செருகியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். முன்பலகையின் இரண்டு பொத்தானும் வெறுமனே இருந்தன. அதையும் பார்த்தேன். ஏனென்றால் என் கார்டு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் முதலில் நான் பார்த்தது அந்தப் பொத்தான்களைத்தான்.

அதன் பிறகு நான் வெளியே போய், மதுரைக்குப் பின்னாலேயே போவதற்குக் கார் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தபோது, தீப்பெட்டி அட்டை ஸ்டார்ட்டரில் இல்லை. முன்பலகையின் வலது பொத்தானில் இருந்தது. போலீசார் வந்தபோதும் அது வலது பொத்தானில்தான் இருந்தது. யார் மாற்றியது என்று நான் பார்க்கவில்லை, பார்க்காததைச் சொல்ல மாட்டேன். ஒரு பொத்தானில் அட்டையைச் செருகிவிட்டு இன்னொன்றை முழங்காலால் அமுக்கி, கையை உள்ளே விட்டபடியே பாண்டிச்செல்வம் வெட்டினார் என்று லட்சுமிகாந்தம் சொன்னார். ஸ்டார்ட்டரில் அட்டை செருகுகிற ஊரில் அதைக் கேட்ட யாரும் மறுத்துப் பேசவில்லை. எனக்கே அன்று பாதி நம்பிக்கை வந்தது. அப்படி ஆகியிருந்தால் என் கார்டு தப்பித்தது என்றும் நினைத்தேன். மறைத்துப் பயன் இல்லை.

மதுரையில் ஆஸ்பத்திரியில் பாண்டிச்செல்வம் நினைவு வந்ததும் என்னிடம் சொன்னது இது: "அண்ணாச்சி, நான் பொத்தானத் தொடலே. கரண்டு வந்துச்சு, டக்குன்னுச்சு. நான் கைய எடுக்குறதுக்குள்ள மோட்டார் சத்தம் ஏறிருச்சு." அவருடைய மனைவி அருணாதேவி பக்கத்தில் இருந்தார். பாண்டிச்செல்வம் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நான் விட்டிருப்பேன். டக் என்று சொன்னார். அது எனக்குத் தெரிந்த சத்தம்.

அதன் பிறகு மறுநாள் கடைக்கு வந்து ஸ்ரீமதியிடம் சொன்னேன். அவர் விற்பனைக்கு இருந்த அதே ரகக் கார்டு ஒன்றை மேஜையில் வைத்து, கத்தியை இறக்குகிற ரிலே என்ற சிறு சுவிட்சுக்குப் போகும் வயரில் ஒரு பல்பை மாட்டி, சுவிட்சைப் போட்டார். 'டக்' என்று கேட்டது, பல்பு எரிந்தது. மூன்று நொடி எரிந்து, மறுபடி ஒரு 'டக்' சத்தத்தோடு அணைந்தது. பிறகு திரையில் எண் வந்தது. இரண்டு பொத்தானையும் யாரும் தொடவில்லை. எத்தனை தடவை போட்டாலும் அப்படியே எரிந்து அப்படியே அணைந்தது.

ஸ்ரீமதி எனக்கு விளக்கிச் சொன்னதை எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். கார்டுக்குக் கரண்ட் வந்தவுடன் அவர் எழுதிய புரோகிராம் ஓடாது. அதற்கு முன்னால் பூட்லோடர் என்று ஒரு சிறு புரோகிராம் விழிக்கும். அது கார்டின் ஒவ்வொரு முனையையும் ஆன், ஆஃப் என்று ஓர் ஆரம்ப நிலையில் நிறுத்திவிட்டு, பிறகுதான் பெரிய புரோகிராமை எழுப்பும். இந்தப் பூட்லோடர் சிப் வாங்கும்போதே கூட வந்தது. சிப்காரர்கள் தங்கள் மாதிரி போர்டுக்காக எழுதிய ஆரம்ப அமைப்புகள் அதில் அப்படியே இருந்தன. அவர்களுடைய போர்டில் ஒரு முனையில் பச்சை விளக்கு இருக்கிறது. போர்டுக்கு உயிர் வந்துவிட்டது என்று காட்டுவதற்காக அந்த முனையை ஆரம்பத்திலேயே ஆன் என்று வைத்திருக்கிறார்கள். எங்கள் கார்டில் அதே முனையில் கத்தியின் ரிலே இருக்கிறது. அது போக, கேபிள் மாட்டிப் புரோகிராமை மாற்ற வருபவருக்கு அவகாசம் கொடுக்கவென்று பூட்லோடர் மூன்று நொடி சும்மா காத்திருக்கும். அதுவும் அவர்கள் வைத்ததுதான். அந்த மூன்று நொடியும் கத்திக்கு உத்தரவு போய்க்கொண்டே இருக்கும். பொத்தான்களைப் பார்க்க வேண்டிய புரோகிராம் அப்போது தூக்கத்தில் இருக்கும்.

காலையில் முறைப்படி போட்டால் மோட்டார் ஓடாததால் கத்தி அசையாது, சத்தம் மட்டும் வரும். தீப்பெட்டி அட்டை செருகிய மெஷினில் கரண்ட் போய் வந்தால், மோட்டாரும் கார்டும் ஒரே நேரத்தில் விழிக்கும். மூன்று நொடிக்குள் மோட்டாருக்கு வேகம் வந்துவிடும். பாண்டிச்செல்வம் சொன்ன வரிசையும் இதுதான்.

எல்லா மெஷினிலும் தினமும் இப்படி ஆகாமல் ஏன் இருந்தது என்று ஸ்ரீமதியிடம் கேட்டேன். ஆகியிருக்கும், கை இல்லாத நேரத்தில் கத்தி இறங்கி ஏறியிருக்கும், கரண்ட் வந்த உதறல் என்று விட்டிருப்பார்கள் என்றார். பின்னால் விசாரித்ததில் இரண்டு அச்சகங்களில் அப்படித்தான் விட்டிருக்கிறார்கள். மாற்ற எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். "ஒண்ணுன்னு இருக்குற எடத்துல சைபர் போடணும் சார். அம்புட்டுத்தான். நான் எழுதுனத நூறு தடவ பாத்தேன், கூட வந்ததப் பாக்கவே இல்ல" என்றார். அதன் பிறகு, மற்ற கார்டெல்லாம் எங்கெங்கே இருக்கின்றன என்று கேட்டார். சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் ரோடு என்று நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் அழவில்லை. அன்றைக்கே பூட்லோடரைத் திருத்தி, பல்பை மாட்டிப் போட்டுக் காட்டினார். பல்பு எரியவில்லை.

அதன் பிறகு லட்சுமிகாந்தத்தைக் கடைக்கு வரச் சொல்லி, பழைய கார்டையும் திருத்திய கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நானே சுவிட்சைப் போட்டுக் காட்டினேன். அவர் விவரம் தெரியாத ஆள் அல்ல, ஒரு தடவையிலேயே புரிந்துகொண்டார். "மூணு செகண்டு கத்திக்குப் பைத்தியம் பிடிக்கும்னு கோர்ட்டுல போய்ச் சொல்லப் போறீகளா அண்ணாச்சி? சொன்னா மொதல்ல உங்க கடைக்குப் பூட்டு. அடுத்தது ஸ்டார்ட்டர்ல அட்டை இருந்துச்சான்னு கேப்பாக, அது எனக்குப் பூட்டு" என்றார். மற்ற முதலாளிகளிடம் சொல்ல வேண்டும் என்றேன். சொல்லிப் பாருங்கள் என்றார்.

சொல்லிப் பார்த்தேன். என் கார்டு ஓடுகிற அச்சகம் ஒவ்வொன்றுக்கும் திருத்திய கார்டை எடுத்துக்கொண்டு நானே பைக்கில் போனேன். விலை வேண்டாம், மாற்ற அரை மணி நேரம் மெஷினை நிறுத்துங்கள், போதும் என்றேன். நவம்பர் மாதத்தில் கட்டிங் மெஷினை நிறுத்து என்று சொல்வதற்கு என்னைவிடப் பொருத்தமில்லாத ஆள் கிடையாது, சீசனில் ஒரு நாளும் மெஷினை நிற்க விடாதீர்கள் என்று சொல்லித்தான் இத்தனை வருஷம் வியாபாரம் செய்திருக்கிறேன். ஒருவர், உங்கள் கார்டு கெட்டது என்றால் எழுதிக் கொடுங்கள் என்றார். இன்னொருவர், இப்போது மாற்றினால் என் மெஷினில் குற்றம் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், லட்சுமிகாந்தம் வழக்கு முடியட்டும் என்றார். மாற்றிக்கொள்ள முன்வந்தவர் ஒருவர்கூட இல்லை.

முதலாளிகளை விட்டுவிட்டு மெஷின் ஓட்டுபவர்களிடம் நேரே சொன்னேன். கரண்ட் போனால் கையை உள்ளே விடாதீர்கள், ஸ்டார்ட்டரில் அட்டையை எடுத்துவிடுங்கள் என்றேன். ஒருவர் என் முன்னாலேயே அட்டையை உருவிக் கீழே போட்டார். நான் வாசலுக்கு வந்து பைக்கை எடுக்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அட்டை திரும்பவும் பொத்தானில் இருந்தது. இன்னொருவர், "கரண்டு இருக்கும்போது துடைக்கச் சொல்றீகளா? அந்தக் கூலிய நீங்க குடுப்பீகளா அண்ணாச்சி?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கொடுக்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அதன் பிறகு 28.11.2024 அன்று லட்சுமிகாந்தம் தன்னுடைய அச்சகத்துக்கு என்னைக் கூப்பிட்டனுப்பினார். பாண்டிச்செல்வம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு இருந்தது. அருணாதேவியும் இருந்தார். லட்சுமிகாந்தம் ஒரு பேச்சை முன்வைத்தார். பாண்டிச்செல்வம் தன்னுடைய கவனக்குறைவால்தான் கத்தி இறங்கியது என்று எழுதிக் கொடுத்துவிட்டால், வழக்குப் பயம் நீங்கிவிடும், நீங்கிய பிறகு மற்ற முதலாளிகளிடம் தானே பேசி, வருகிற ஞாயிற்றுக்கிழமையே எல்லா மெஷினிலும் கார்டு மாற்றக் கதவைத் திறந்துவிடச் சொல்வதாகச் சொன்னார். பாண்டிச்செல்வம் என்னைப் பார்த்து, "நான் தொட்டேன்னு சொன்னா, மத்த மெஷின்ல மாத்திருவீகளா?" என்று கேட்டார். மாற்றிவிடுவேன் என்றேன். அருணாதேவி அப்போதுதான் வாயைத் திறந்தார். "கையையும் வாங்கிட்டீக. இப்பம் அவரு பேச்சையும் வாங்குறீக. வாங்கிக்கோங்க" என்றார்.

நான் அந்தப் பேச்சுக்கு ஒத்துக்கொண்டு சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். ஒருவருடைய வார்த்தையைக் கொடுத்துப் பல பேருடைய கையை வாங்குவது நல்ல பேரம் என்று அந்த நேரத்தில் எனக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீமதியை அழைத்துக்கொண்டு, கார்டுகளையும் எடுத்துக்கொண்டு போனேன். முதல் அச்சகத்தில் ஷட்டர் இறங்கியிருந்தது, உள்ளே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. இரண்டாவதில், ஆர்டர் முடியவில்லை, அடுத்த வாரம் என்றார்கள். அதன் பிறகு போன இடமெல்லாம் அதே பதில். லட்சுமிகாந்தம் மட்டும் தன்னுடைய மெஷினில் மாற்றிக்கொண்டார். மற்றவர்களைப் பற்றிக் கேட்டபோது, தான் சொல்லிவிட்டதாகவும், தை பிறக்கட்டும் என்கிறார்கள் என்றும் சொன்னார்.

வியாபாரத்தில் ஒரு தரப்பு சரக்கை இறக்கிவிட்ட பிறகு மறு தரப்பு கதவைச் சாத்தினால் பேச்சு முறிந்தது என்று அர்த்தம். ஆகவே சமரசத்தில் சாட்சியாகக் கையெழுத்திட்டவன் என்ற முறையில் இந்த நீதிமன்றத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தபோது, நடந்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். வருவதற்கு முன், இப்போது அருணாதேவிக்கு வேலை கொடுத்திருக்கிற லட்சுமிகாந்தத்தின் அச்சகத்துக் குடோனில் உட்கார்ந்திருந்த பாண்டிச்செல்வத்தைப் பார்த்து, கார்டு மாற்றவில்லை, நீங்களும் வந்து உள்ளதைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர், "நான் எங்கன உக்காந்திருக்கேன்னு பாருங்க அண்ணாச்சி. அவ எங்கன நிக்கான்னு பாருங்க. கேட்டா, நான்தான் அமுக்குனேன்னுதான் சொல்லுவேன்" என்றார். அவர் அப்படித்தான் சொல்லுவார். அவர் சொன்னால் என் சொல் நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். பழைய கார்டையும் பல்பையும் இத்துடன் கொண்டுவந்திருக்கிறேன், எங்கே வேண்டுமானாலும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

28.11.2024 அன்று பத்திரத்தில் எழுதி ஒப்புக்கொண்டு இன்று வரை நடப்பில் உள்ள பேச்சு வருமாறு. ஆஸ்பத்திரிச் செலவு எனக்கும் லட்சுமிகாந்தத்துக்கும் சரிபாதி. அருணாதேவிக்கு அதே அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை, மற்றப் பெண்களுக்கு உள்ள கூலி. வீட்டில் வேறு ஆள் இல்லாததால் பாண்டிச்செல்வம் வேலை நேரம் முழுவதும் அச்சகத்தின் பேப்பர் குடோனில் உட்கார்ந்திருக்கலாம், மதியம் அவருக்குச் சோறு ஊட்டவும் மற்ற உதவி செய்யவும் அருணாதேவிக்கு நேரம் தரப்படும், அதற்குக் கூலி பிடிக்கக் கூடாது. கத்தி இறங்கியது தன்னுடைய கவனக்குறைவால்தான் என்பதைப் பாண்டிச்செல்வம் எப்போதும் மாற்றிச் சொல்லக் கூடாது. மற்ற அச்சகங்களில் கார்டு மாற்றுவது, ஞாயிற்றுக்கிழமை என்று வாயால் சொன்னது எழுத்தில் வராமல், அந்தந்த முதலாளியின் வசதிப்படி. இதற்குச் சம்மதித்து, கையெழுத்திடவும் கைரேகை வைக்கவும் இயலாததால், பாண்டிச்செல்வம் தன்னுடைய இடது கால் பெருவிரல் ரேகையை வைத்திருக்கிறார். மைப்பெட்டியை அருணாதேவி கீழே வைத்துப் பிடித்துக்கொண்டார்.

நான் சொன்னது இவ்வளவுதான். சொன்னபடியே எழுதப்பட்டு, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) காளிராஜ்